பந்தி வஞ்சனை

தொப்பென்று விழுந்த சத்தத்தில் மேசை மேல் இருந்த கண்ணாடிக் குடுவைகள் கிணுகிணுத்தன.

சாக்கு மூட்டை. கட்டாத வாயிலிருந்து ஒரு வெள்ளைச் சிறகு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பாருங் டாக்டரம்மா, இன்னைக்கும் போயிருச்சுங்க. ஒவ்வொன்னும் முட்டை போட்டுட்டு இருந்த கோழிங்க!" என்று இடுப்பில் கை வைத்து நின்றார் தனபால்.

நாமக்கல்லில் இது அதிசயம் இல்லை. பால்காரர் வரும் முன்பே பண்ணைக்காரர்கள் செத்த கோழிகளோடு பரிசோதனைக்கூடத்து வாசலில் நிற்பார்கள். எதனால் செத்தது என்று கிழித்துப் பார்த்த பிறகுதான் அன்றைய தீவனமும் மருந்தும் முடிவாகும்.

ஷாஹீன் துப்பட்டாவைத் தலையோடு இறுக்கிக்கொண்டு கையுறை மாட்டினாள். கால்நடை மருத்துவம் படித்தவள். கோழி வயிற்றைக் கிழித்துக் கிழித்து அவள் கத்தரிக்கோல் இப்போதெல்லாம் தானாகவே வழி தெரிந்து போகும். முதல் கோழியின் இரைப்பையைப் பிளந்து கழுவினாள். உள்பக்கத்து மஞ்சள் தோல் தாறுமாறாக வெடித்திருந்தது. நடுவே கருகினாற்போல் புண்கள். காப்பித் தூள் கரைத்த மாதிரி கறுத்த நீர்.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் புண் இரைப்பையையே ஓட்டை போட்டிருந்தது.

"வயித்துப் புண்ணுங்கண்ணா. கருவாட்டுத் தூளோட வேலை. அதை நிறுத்திப் பாருங்கன்னு சொன்னேனே?"

"கருவாட்ட நிறுத்துனா முட்டையும் நின்னுபோகுமுங்க. வேலிக்கு அக்கட்டால என்ற மாமனும் அதே கருவாட்டத்தான போடறாரு? ஒரே மில்லுல அரைக்கற தீவனம். ஒரே நாள்ல எறக்குன குஞ்சு. அதை விடுங், இன்னைக்குத்தான உங்க மருந்துக்குப் பரீட்சை?"

"ஆமாங்க. பத்து மணிக்கு."

"வாரேன், வாரேன். நான் இல்லாமையா?" தனபால் சிரித்தபடி வாசலுக்கு நடந்தார். திரும்பி நின்று, "போன வருசம் உசுரோட இருக்குற கிருமின்னு கொண்டாந்தீங்க, செத்துப்போச்சு. இந்த வருசம் செத்ததையே கொண்டாந்துட்டீங்க. அடுத்த வருசம் கருமாதிப் பத்திரிகையா டாக்டரம்மா?" என்றார்.

ஷாஹீன் கத்தரிக்கோலைக் கழுவி வைத்தாள். அதற்குப் பதில் சொல்ல இன்னும் சில மணி நேரம் இருந்தது.

போன வருடம் நடந்தது உண்மைதான். வயிற்றைக் காக்கும் நல்ல கிருமிகளை வளர்த்து, உயிரோடு தண்ணீர்த் தொட்டியில் கலந்தாள். ஆனால் இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் பிளீச்சிங் பவுடர் போடாத தொட்டி கிடையாது. கோழியின் அலகைத் தொடும் முன்பே அவளுடைய கிருமிகள் எல்லாம் செத்துவிட்டன. பண்ணைக்காரர்கள் அவளுக்குத் 'தயிர்க்கார டாக்டர்' என்று பெயர் வைத்ததுதான் மிச்சம்.

அந்த அவமானத்திலிருந்துதான் அடுத்த யோசனை பிறந்தது. கிருமி உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்று யார் சொன்னது? அது வளரும்போது தன்னைச் சுற்றி ஒரு பசையைச் சுரக்கிறது, புளிப்பைச் சுரக்கிறது. வேலை செய்வது அந்தச் சரக்குதான் என்றால்? கிருமிகளை நன்றாக வளர்த்து, சூட்டில் சாகடித்து, வடிகட்டி, அந்தச் சாற்றை மட்டும் கேனில் பிடித்தாள். இனி வெயில் கொன்றுவிடும், பவுடர் கொன்றுவிடும் என்ற பயமே இல்லை. சாவதற்குத்தான் அதில் ஒன்றுமே கிடையாதே!

அவளுடைய அத்தா அன்வர் பாட்சாவுக்குப் பள்ளிபாளையத்தில் நூல் கடை. அவருக்கு மகள் ஒரே வரியில் விளக்கியிருந்தாள்: "பாவு நூலுக்குக் கஞ்சி போடறோம்ல அத்தா, தறியில அறுந்து போகாம? அந்த மாதிரி வயித்துச் சுவருக்கு ஒரு கஞ்சி."

அத்தாவுக்குச் சட்டென்று புரிந்தது. முட்டி வலிக்கு மாத்திரையாக விழுங்கி, வயிறு புண்ணாகி, ஒரு நாள் கடையிலேயே ரத்தமாக வாந்தி எடுத்தவர் அவர். மருத்துவமனை வராந்தாவில் அன்று உட்கார்ந்திருந்தபோதுதான் ஷாஹீன் இந்த வேலையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டாள்.

ஆனால் பரிசோதனைக்கூடத்தின் முதலாளி மருதாசலத்துக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. நேற்றே சொல்லிவிட்டார்.

"நாளைக்கு ரெண்டு ஷெட்டுக் கோழியையும் எல்லார் முன்னாலயும் கிழிக்கறோம். மருந்து குடிச்ச கோழிக்கும் குடிக்காத கோழிக்கும் வித்தியாசம் இருக்கணும். இல்லீன்னா கிருமி வளக்கற அந்த ஸ்டீல் பாத்திரத்தைக் கழட்டிப்போடுவேன். நீங்க ஓமலூர் கிளைக்குப் போயி பால் டெஸ்ட் பண்ணுங்க."

*

சேந்தமங்கலம் ரோட்டில், தனபாலின் பண்ணைக்கு அடுத்த வேலியில், அவருடைய மாமன் குழந்தைவேலின் பண்ணை. வேப்பமரத்தடியில் நீளமான மேசை போட்டு, மேலே புதுத் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பக்கத்துப் பண்ணைக்காரர்கள், முன் வரிசையில் மருதாசலம். காதுகுத்துக்கு வந்தவர்கள் போல ஆளுக்கொரு டீ.

"வாங் டாக்டரம்மா," என்று எழுந்தார் குழந்தைவேல். நல்ல உயரம், நல்ல மனசு. போன வருடம் தோற்றவளுக்கு இந்த வருடமும் ஷெட் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

ஏற்பாடு எளிமையானது. அடுத்தடுத்து இரண்டு ஷெட்டுகள். இரண்டுக்கும் ஒரே தீவனம், ஒரே போர் தண்ணீர். முதல் ஷெட்டின் தொட்டியில் மட்டும் தினமும் காலையில் மருந்து. இரண்டாவதில் வெறும் தண்ணீர். திங்கட்கிழமை தோறும் பரிசோதனைக்கூடத்திலிருந்து ஒரு கேன் வரும். அது முதல் ஷெட்டுக்குச் சரியாக ஒரு வாரத்துக்குப் போதும். ஷாஹீன் இரண்டாவது ஷெட்டின் பக்கமே போனதில்லை. ஒரு ஷெட்டில் கால் வைத்த வெளியாள் அடுத்த ஷெட்டுக்குப் போகக் கூடாது, நோய் தொற்றும் என்பது குழந்தைவேலின் கண்டிப்பான சட்டம்.

தினமும் மருந்து ஊற்றியது ஆராயி. இரண்டு ஷெட்டுகளையும் பார்த்துக்கொள்பவள். பண்ணையிலேயே குடியிருப்பு. கூண்டுக்கு நடுவே நடக்கும்போது கோழிகளோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போவாள். இப்போதும் வாளியும் தண்ணீருமாக மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"சாப்டியா சாமி?" என்று ஷாஹீனைக் கேட்டாள்.

"அப்பறம் சாப்படறேங்க்கா." ஷாஹீன் கத்தரிகளை மேசையில் அடுக்கினாள்.

"கோழியப் புடிக்கறது யாரு?" என்று தனபால் எழுந்தார். "டாக்டரம்மா புடிச்சா நல்ல கோழியாப் பாத்துப் புடிப்பாங்க. மாமா புடிச்சா, அவரு அந்தம்மா கட்சி. நானே புடிக்கறேன்."

"புடி மாப்ளே. உன்ற கைக்குத்தான் கோழி சாகறதுக்குப் பழக்கம்," என்றார் குழந்தைவேல். கூட்டம் சிரித்தது.

தனபால் வாசலில் இருந்த கிருமிநாசினித் தண்ணீரில் கால்களை நனைத்துவிட்டு முதல் ஷெட்டுக்குள் போனார். கூண்டு கூண்டாகத் தாவி, இளைத்தது, சோர்ந்தது, கொண்டை வெளுத்தது என்று தேடித் தேடிப் பிடித்து வந்தார். ஷாஹீன் அதைக் கவனித்தாள். கையுறையை மாட்டிக்கொண்டாள்.

முதல் கோழி. கத்தரி உள்ளே போனது. இரைப்பையை எடுத்து, பிளந்து, ஆராயி ஊற்றிய தண்ணீரில் கழுவி, வெள்ளைத் தட்டில் வைத்தாள்.

மாம்பழத் தோல் போல மஞ்சளாக, முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம். எல்லோரும் மேசையை மொய்த்தார்கள். இரண்டாவது கோழி, மூன்றாவது, நான்காவது... தட்டில் வரிசையாக மஞ்சள். ஒன்றில் மட்டும் நகக்கண் அளவுக்கு ஒரு வடு இருந்தது. அதுவும் ஆறிப்போன வடு.

"அடேங்கப்பா! அதே கருவாடு தின்ன கோழியா இது?" என்றார் ஒரு பெரியவர்.

மருதாசலத்தின் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. ஷாஹீன் பெருமூச்சு விட்டாள். பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இனி இரண்டாவது ஷெட். மருந்து குடிக்காத கோழிகளின் வயிற்றில் புண் தெரிந்துவிட்டால் போதும்.

குழந்தைவேல் தலையசைத்து அனுமதிக்க, தனபால் மறுபடி கால்களை நனைத்துக்கொண்டு போனார். மறுபடி தேடித் தேடிப் பிடித்தார்.

இரண்டாவது ஷெட்டின் முதல் கோழி. பிளந்தாள். கழுவினாள். தட்டில் வைத்தாள்.

மஞ்சள்.

அடுத்தது. மஞ்சள். அதற்கடுத்தது. அதுவும் மஞ்சள். கடைசிக் கோழியும் மஞ்சள்தான்.

முதலில் சிரித்தது தனபால்தான். "என்னங் டாக்டரம்மா இது! மருந்து குடிச்ச கோழிக்கும் புண்ணு இல்ல, குடிக்காத கோழிக்கும் புண்ணு இல்ல. அப்பறம் உங்க மருந்து எதுக்குங்க? கேன் மட்டும் மிச்சம். என்ற ஊட்டுல தண்ணி புடிச்சு வெக்கக் குடுங்!"

சிரிப்பு அலையாக எழுந்தது. யாரோ "தயிர்க்கார டாக்டர்" என்று முணுமுணுத்தார்கள்.

மருதாசலம் ஃபோனை எடுத்தார். "ஷாஹீன், நான் உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா வித்தியாசம் இல்லீன்னா மருந்தும் இல்ல. பாத்திரத்தைக் கழட்டச் சொல்லிப்போடறேன்."

"சார், ஒரு பத்து நிமிஷம்."

"பத்து நிமிஷத்துல கோழிக்குப் புண்ணு வந்துருமா?" என்றார் தனபால்.

ஷாஹீன் அவரை நேராகப் பார்த்தாள். தட்டில் இருந்த இரண்டு மஞ்சள் வரிசைகளையும் பார்த்தாள். காலையில் தன் மேசையில் பார்த்த கறுத்த வயிறுகள் ஞாபகத்துக்கு வந்தன. சட்டென்று நிமிர்ந்தாள்.

"தனபாலண்ணா, காலையில நீங்க கொண்டாந்த கோழிக்கு வயித்துல என்ன இருந்துச்சுங்க?"

"புண்ணுதான். நீங்கதான சொன்னீங்க."

"உங்க தீவனம்?"

"மாமன் மில்லுதான்."

"கருவாடு?"

"அதே லோடுதான்."

"குஞ்சு?"

"ஒரே வண்டியில வந்ததுங்க. அதுக்கென்ன இப்போ?"

"தண்ணி?"

தனபால் வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். "ரெண்டு போரும் கூப்புடற தூரம். ரெண்டுலயும் ஒரே சப்பைத் தண்ணி."

"எல்லாமே ஒன்னு. ஆனா உங்க கோழி வயிறு ஓட்டையாகிச் சாகுது. இந்த ரெண்டாவது ஷெட்டுக் கோழிக்கு ஒரு கீறல் இல்ல. ஏன்?"

தனபால் மாமனைத் திரும்பிப் பார்த்தார்.

குழந்தைவேல் மெதுவாகச் சொன்னார்: "நானும் நெனச்சேனுங்க. போன கோடையில ரெண்டு ஷெட்டுலயும்தான் செத்துதுங்க. உங்க கேன் வர ஆரம்பிச்ச நாள்ல இருந்து ரெண்டுலயுமே சாவு கொறஞ்சுபோச்சு. வெயில் தணிஞ்சதால இருக்குமுன்னு விட்டுப்போட்டேன்."

"ரெண்டுலயுமா?"

"ஆமாங்க."

ஷாஹீன் கையுறையை உருவி எறிந்தாள். "ரெண்டாவது தொட்டியைப் பாக்கோணும். உங்க சட்டத்தை இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் விட்டுக்குடுங்க."

"மாப்ளே ரெண்டு ஷெட்டையும் மிதிச்சாச்சு. இனி என்ன சட்டம்? ஏறுங்!"

ஷெட்டின் கோடியில் இரும்பு ஏணி. அதன் மேலே கறுப்புத் தொட்டி. ஷாஹீன் சுடிதாரைச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினாள். கீழே எல்லோரும் கழுத்தை நிமிர்த்தி நின்றார்கள். மூடியைத் தூக்கினாள்.

புளிப்பு வாசனை முகத்தில் அடித்தது.

இரண்டாம் நாள் தோசை மாவைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். நான்கு வருடமாக அவள் துணியிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் வாசனை.

பையிலிருந்து புளிப்பைக் காட்டும் பரிசோதனைத் தாள் ஒன்றைக் கிழித்து நனைத்தாள். இந்த ஊர் போர் தண்ணீரில் நனைத்தால் தாள் பச்சை கலந்த நீலமாகும். இது வைக்கோல் நிறத்துக்கு மாறியது. இறங்கி ஓடினாள். முதல் ஷெட்டின் தொட்டி மேல் ஏறி இன்னொரு தாளை நனைத்தாள். அதே வைக்கோல் நிறம். இரண்டு தாள்களையும் மருதாசலத்தின் கண்ணெதிரே நீட்டினாள்.

"சார், ரெண்டுலயும் மருந்து இருக்குது."

மருதாசலத்தின் முகம் சிவந்தது. "அப்ப டெஸ்ட்டே கெட்டுப்போச்சே! யாரோ ரெண்டுலயும் ஊத்தியிருக்காங்க."

"கெடலைங்க சார். நாம வாரத்துக்கு ஒரு கேன்தான அனுப்பறோம்? அது ஒரு ஷெட்டுக்கான மருந்து. ஒரு சொட்டு கூட அதிகமா வரல." மூச்சு வாங்க அவள் சிரித்தாள். "ஒரு கேன், ரெண்டு ஷெட்டு. ரெண்டும் பாதி மருந்துலதான் இத்தனை நாள் ஓடியிருக்குது. பாதியே போதும் சார்!"

வேப்பமரத்தடியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

மருதாசலம் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டார். ஒரு தரம் எடுத்துப் பார்த்து, மறுபடி போட்டார். "பாதியா? நெசமா பாதியா?"

"இதை முறையா இன்னொரு தரம் செஞ்சு பாக்கோணும் சார். மூணு ஷெட்டு வேணும். ஒன்னுக்கு முழுசு, ஒன்னுக்குப் பாதி, ஒன்னுக்கு வெறும் தண்ணி."

"அந்தப் பாத்திரத்தைக் கழட்டறதா? இன்னொன்னு வாங்கறேன், பெருசா!" என்றார் மருதாசலம். காலையிலிருந்து அவர் சொன்னதிலேயே அதுதான் சத்தமான வாக்கியம்.

"இருங், இருங்." தனபால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தார். "அப்படீன்னா... நெசமாவே மருந்து குடிக்காத ஷெட்டு என்ற ஷெட்டா?"

"ஆமாங்கண்ணா. உங்க கோழிங்க இல்லீன்னா இன்னைக்கு நான் தோத்துப்போயிருப்பேன்."

"அடக் கொடுமையே! உங்களுக்குச் சாட்சி சொல்லத்தான் என்ற கோழிக அத்தனையும் செத்துதுங்களா?"

மரத்தடியே குலுங்கியது. குழந்தைவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நீ எதுத்துப் பேசிப் பேசியே அந்தம்மாவ ஜெயிக்க வெச்சுப்போட்டியே மாப்ளே!"

"சிரிக்காதீங் மாமா." தனபால் ஷாஹீன் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "டாக்டரம்மா, எனக்கொரு கேன் வேணுமுங்க. இன்னைக்கே. காலையில ஒரு மூட்டை தூக்கிட்டு வர்றதுக்கே நெஞ்சு வெடிக்குது. நான் வேணா போன வருசம் சொன்னது, இன்னைக்குச் சொன்னது, எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கறேன்."

"தயிர்க்கார டாக்டர்ங்கறதுமா?"

"அது நான் வெச்ச பேரு இல்லீங்!" என்று அவர் அலறினார். கூட்டம் மறுபடி சிரித்தது. ஆனால் இந்த முறை சிரிப்பு அவள் பக்கம் இருந்தது. ஏற்கனவே இரண்டு மூன்று பேர் மருதாசலத்தைச் சூழ்ந்துகொண்டு, "என்ற பண்ணைக்கு எப்போங்க?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

ஷாஹீன் சற்றுத் தள்ளி வந்து அத்தாவைக் கூப்பிட்டாள். "அத்தா, கஞ்சி நல்லாப் பிடிச்சுருச்சு. நூல் அறுகலை." அந்தப் பக்கம் நூல் கடைச் சத்தத்துக்கு நடுவே அத்தா யாரிடமோ உரக்கச் சொல்வது கேட்டது: "என் மக ஜெயிச்சுட்டாப்பா!"

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் அவளுக்கு அந்தக் கேள்வி மறுபடி வந்தது. குழந்தைவேலுக்கும் அதே நேரத்தில் வந்திருக்க வேண்டும். அவர் கையைத் தட்டினார்.

"எல்லாஞ் சரி. என்ற பண்ணையில, எனக்கே தெரியாம, ரெண்டாவது தொட்டியில மருந்த ஊத்துனது யாரு? திட்ட மாட்டேன். மாலை போடறேன். ஆளு யாருன்னு சொல்லுங்."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

மேசைக்குப் பின்னால் வாளி தரையில் வைக்கப்படும் ஓசை கேட்டது. ஆராயி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தாள். முதலாளியைப் பார்க்கவில்லை. ஷாஹீனைப் பார்த்தாள்.

"நீ ஒரு ஷெட்டுக்கு மட்டும் ஊத்தச் சொன்ன சாமி, தப்புத்தான், ஆனா ஒரே பந்தியில உக்கார வெச்சுப்போட்டு, ஒரு எலைக்குப் பரிமாறிட்டு அடுத்த எலையத் தாண்டிப் போற கை எனக்கு இல்லையே, அதான் மொத நாள்ல இருந்தே இங்க பாதி, அங்க பாதி ஊத்திப்போட்டேன்."